சங்கராபுரத்துச் சிறுநீரகம்

கள்ளக்குறிச்சி பக்கீர் முகமதுவின் இரண்டு சிறுநீரகங்களில் வலப்பக்கத்தது அவரோடு கள்ளக்குறிச்சியில் இருந்தது. இடப்பக்கத்தது பதினைந்து வருஷமாகச் சங்கராபுரத்தில் குடியிருந்தது. அங்கே அவருடைய தங்கை ரோஷன் பீவியின் வயிற்றுக்குள் அது சௌக்கியமாக இருந்தது. வளையல் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது. கல்யாண வீடுகளுக்குப் போய் வந்தது. பெருநாளைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பியது. தன் உடம்பிலிருந்து போன ஒன்று விருந்தாளியாக வந்து கைகழுவிவிட்டுப் போவதைப் பாய் ஒருநாளும் விசித்திரமாக நினைத்ததில்லை. கட்டிக்கொடுத்த பெண் மாதிரிதான். போன இடத்தில் நன்றாக இருந்தால் சரி.

சிக்கல், போன சிறுநீரகத்தால் வரவில்லை. போகாமல் இருந்ததால் வந்தது.

பாய்க்குத் தொழில் மரவள்ளிக் கிழங்குத் தரகு. கல்வராயன் மலைமேலும் கீழ்நாட்டிலும் பிடுங்குகிற கிழங்கை லாரி பிடித்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புவார். ஆலையில் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடைபோட்டு, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். இருபத்தெட்டு பாயிண்ட் வந்தால் தரகருக்கு நாற்காலி போடுவார்கள். இருபதுக்குக் கீழே இறங்கினால் லாரியைத் திருப்பி விட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கிலேயே தலை நரைத்த பாய், உலகத்தில் உள்ள சகலத்தையும் பாயிண்டில்தான் எடைபோடுவார். சம்பந்தி இருபத்துமூன்று பாயிண்ட். மூத்த மருமகன் திருப்பி அனுப்ப வேண்டிய லோடு.

சர்க்கரை நோய் அவருக்கு ஏழெட்டு வருஷமாக இருந்தது. அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது முதலில் பாதத்தில்தான் தெரிந்தது. அதாவது, பாதத்தில் எதுவுமே தெரியவில்லை. ஒருநாள் வெள்ளிமலைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தவரை மனைவி ஆசியா பீவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க? இன்னொண்ணு எங்க?"

பாய் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

"இருக்கறாப்லயே இருந்துச்சே" என்றார்.

ஆசியா பீவி மறுநாளே தியாகதுருகத்தில் இருக்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு, சோதனை முடிவை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பாய், ரெண்டு கிட்னி இருக்கறவங்களுக்கு ஒண்ணு தளர்ந்தா இன்னொண்ணு தாங்கும். உங்களுக்கு ஸ்டெப்னி கெடையாது. ஓடறது ஒண்ணுதான். அதுலயும் சர்க்கரை கை வெச்சுருச்சு. யூரின்ல புரதம் ஒழுகிக்கினு இருக்குது. வடிகட்டுற அளவு நாப்பத்தஞ்சுக்கு வந்துருச்சு."

"நாப்பத்தஞ்சு நல்ல பாயிண்ட்தானேம்மா?"

"அது கிழங்குக்கு. இது நூத்துக்கு."

பாய் மனசுக்குள் லாரியைப் பாதி தூரம் திருப்பினார்.

"சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நான் பாத்துக்கறேன். ஆனா கிட்னிக்குன்னு படிச்சவரு இத பாக்கணும். இப்பவே புடிச்சா இந்த எடத்துலயே நிறுத்தி வெக்க மருந்து இருக்குது. உட்டுட்டா அப்பறம் மிஷின்தான். வாரத்துக்கு மூணு தடவ."

அப்படிப் படித்தவர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வந்து போகிறார் என்றும், வாரியத்தில் ஒப்புதல் வாங்கினால் அவரை இலவசமாகப் பார்க்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். வாரியம் என்றபோது அவர் குரல் லேசாகத் தணிந்தது. துக்க வீட்டு முகவரி சொல்கிற மாதிரி இருந்தது அது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, ஒரு மாவட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் வந்தன. அந்த வரிசையில் கடைசியாக வந்தது இணைச் சிறுநீரக நல வாரியம். அதன் தலைவர் திருவாளர் ஆதிமூலம். புள்ளிவிவரத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். மருத்துவரைத் தலைவராகப் போட்டால் நோயாளியின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்பதால் அவரைப் போட்டிருந்தார்கள்.

வாரியத்தின் பெயர்ப்பலகையில் இரண்டு சிறுநீரகங்கள் வரைந்து, கீழே 'இரண்டும் நலம்' என்று எழுதியிருந்தது. வரைந்தவர் அதுவரை கடைப்பலகை மட்டுமே எழுதியவர். ஆகவே ஆரம்பத்தில் கொஞ்ச நாள் முந்திரிப்பருப்பு என்ன விலை என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களையும் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளே எல்லாம் இரண்டிரண்டு. இடது சிறுநீரகத்துக்கு ஒரு ஜன்னல், வலது சிறுநீரகத்துக்கு ஒரு ஜன்னல். இரண்டு வரிசை, இரண்டு டோக்கன். சோதனைக்கு வருகிறவரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு, கையில் இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். ஒன்றில் 'இ' என்றும் மற்றதில் 'வ' என்றும் எழுதியிருக்கும். இடது சிறுநீரகத்தின் நீரை இடது பாட்டிலிலும் வலது சிறுநீரகத்தின் நீரை வலது பாட்டிலிலும் தர வேண்டும். ஜனங்கள் கழிவறைக்குப் போய் ஒன்றில் பிடித்து, அதில் பாதியை மற்றதில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டிலும் எப்போதும் ஒரே முடிவுதான் வந்தது. இம்மாவட்ட மக்களின் சிறுநீரகங்கள் தங்களுக்குள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு இயங்குகின்றன என்று வாரியத்தின் முதல் ஆண்டறிக்கை பெருமைப்பட்டது.

பாய் வாழ்நாள் முழுக்க எடையில் நேர்மையாக இருந்தவர். வலது பாட்டிலை மட்டும் நிரப்பி வலது ஜன்னலில் கொடுத்தார். இடது பாட்டிலைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தார்.

வாசல் பியூன் இருசப்பன் அந்தக் காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தப்பு செய்கிறவர்களைப் பிடிப்பதற்காகவே பிறந்தவன்போல அவனுக்கு ஒரு மீசை இருந்தது.

"இன்னா பாய், இது காலியா கீது?"

"எனக்கு இடது இல்லீங்க."

"இல்லன்னா? எல்லாருக்கும் இருக்குது, உனக்கு மட்டும் இல்லியா? எங்க போச்சு?"

"சங்கராபுரத்துல இருக்குது."

இருசப்பன் பாட்டிலைக் கீழே வைத்தான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் கேட்காத பதில் அது.

"அங்க இன்னா பண்ணுது?"

"வளையல் கடை வெச்சிருக்குது."

விஷயத்தை விளக்கிச் சொன்னபிறகு இருசப்பனுக்குப் பாய்மேல் மரியாதை வந்துவிட்டது. 'உனக்கு' என்பது 'உங்களுக்கு' ஆனது. ஆனால் மரியாதை வேறு, விதி வேறு. "பாருங்க பாய், நாளைக்கே ஆடிட்டுல கேப்பாங்க. வலது இருக்குது, இடது எங்கடான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? இடது இல்லன்னா நீங்க ஆளே இல்லீங்க. இடதும் வரணும். தங்கச்சிய இட்டாந்துருங்க."

ரோஷன் பீவி கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு அண்ணனைவிட எட்டு வயது குறைவு. அண்ணன் கொடுத்ததைக் காப்பாற்ற இன்றுவரை வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவள். கடைக்கண்ணிக்குப் போனாலும் கையில் சொந்தத் தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். இடது பாட்டிலை நிரப்பி இடது ஜன்னலில் அவள் கொடுத்தாள். ஜன்னலுக்குள் இருந்த அமிர்தம் என்ற பெண்மணி, சோதனை முடிவு வந்ததும் எழுந்து நின்றேவிட்டாள். எழுபத்தொன்று. புரதம் கொஞ்சமும் இல்லை. "இந்த ஜன்னலுக்கு வந்த இடதுலயே இதுதாங்க நல்ல இடது" என்றாள்.

"எங்க அண்ணனுதும்மா" என்றாள் ரோஷன் பீவி, பிள்ளை மார்க் வாங்கின தாய்போல.

அன்று மத்தியானமே இருவரையும் தலைவர் அறைக்குள் கூப்பிட்டார்கள். தலைவர் ஆதிமூலத்தின் மேசைமேல் ஒரு சிறுநீரக மாதிரி இருந்தது. களிமண்ணில் செய்து வர்ணம் பூசியது. இன்னொன்று உடைந்துபோயிருந்தது. உடைந்த இடத்தில், கணக்குக் குறையக் கூடாது என்று, ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

தலைவர் சோதனை முடிவுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் நெடுநாள் தேடிய உறவினரைக் கண்ட மகிழ்ச்சி தெரிந்தது.

"உட்காருங்க பாய். உங்க வலது நாற்பத்தைந்து. கவலைக்குரிய எண். ஆனால் உங்க இடது எழுபத்தொன்று! கூட்டி வகுத்தால் ஐம்பத்தெட்டு. வாரியத்தின் தேர்ச்சி எண் ஐம்பத்தைந்து. நீங்கள் தேறிவிட்டீர்கள்."

"ஐயா, அது என் வவுத்துலதாங்க கீது" என்றாள் ரோஷன் பீவி. "எனக்குத்தாங்க வேல செய்யுது. அண்ணனுக்கு எப்டிங்க செய்யும்?"

"அம்மா, உறுப்பு இடம் மாறலாம். இணை மாறாது. உங்களுக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"அண்ணனுக்கு?"

"ஒண்ணு."

"ஆக மொத்தம்?"

தலைவரே சொன்னார்: "இரண்டு. இரண்டும் நலம்." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சராசரி என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் குறையை இன்னொருவர் நிறைவால் மூடுவது. இதைவிடப் பெரிய மனிதநேயம் உண்டா? நான் பணியில் இருந்தபோது ஒரு வருஷம் ஒரு பக்கம் ஏரியெல்லாம் காய்ந்து மாடு செத்தது. இன்னொரு பக்கம் வெள்ளம் வந்து வீடு போயிற்று. ஜனங்கள் ஒரே கூச்சல். நான் பதறவில்லை. இரண்டையும் கூட்டி வகுத்தேன். வழக்கமான மழை. அந்த வருஷம் வறட்சி நிவாரணமும் தேவைப்படவில்லை, வெள்ள நிவாரணமும் தேவைப்படவில்லை. அரசுக்கு அத்தனையும் மிச்சம். அதற்காக எனக்கு ஒரு வெள்ளித் தட்டு தந்தார்கள். வீட்டில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். என்ன பாய், கணக்கு சரிதானே?"

இந்த இடத்தில்தான் பாய் அந்தத் தவற்றைச் செய்தார். வேறு தொழில்காரர் யாரும் செய்திருக்க மாட்டார்.

மலையிலிருந்து மொக்கைக் கிழங்கு வந்தால் தரகர் அதைத் தனியாக ஆலைக்கு அனுப்ப மாட்டார். கீழ்நாட்டு நல்ல கிழங்கோடு ஒரே லாரியில் கலந்துவிடுவார். ஆலையில் பத்து இடத்தில் கிழங்கு எடுத்துச் சராசரி போடுவார்கள். சராசரி வந்துவிட்டால் மொத்த லோடும் உள்ளே. தரகர் தலையை ஆட்டுவார், அத்தோடு விஷயம் முடிந்தது. முப்பது வருஷமாக, கூட்டி வகுத்த எண் தேர்ச்சிக்கு மேலே வந்தபோதெல்லாம் பாயின் தலை தானாக ஆடியிருக்கிறது. இப்போதும் ஆடியது.

"சரிதாங்க" என்றார்.

தலைவர் முத்திரை குத்தினார். இணை நலமாக இருக்கிறது, நிபுணர் தேவையில்லை.

படியிறங்கும்போது ரோஷன் பீவி அண்ணன் கையைப் பிடித்தாள். "இன்னாண்ணே, சரின்னுட்ட?"

"ஆவரேஜ் வந்துருச்சேம்மா" என்றார் பாய். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல இருந்தது. எங்கே அப்படி இருந்தது என்று தொட்டுச் சொல்லத் தெரியவில்லை. பாதத்தில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாததுபோலத்தான் அதுவும்.

தியாகதுருகத்து டாக்டரம்மா முத்திரையைப் பார்த்துவிட்டு வாரியத்துக்குப் போன் போட்டார். வாரியத்தில் இரண்டு தொலைபேசி உண்டு. ஒன்று பேசுவதற்கு, மற்றது கேட்பதற்கு. கேட்கிற தொலைபேசி ரிப்பேர். சேலத்துக்குப் போய்த் தனியாரிடம் பார்க்கலாமே என்றாள் ஆசியா பீவி. அங்கேயும் போனார்கள். அவர்கள் சொன்ன செலவுக்கு ஒரு கிழங்கு ஆலையையே விலைபேசிவிடலாம் போலிருந்தது. காப்பீட்டு அட்டையை நீட்டினால், உங்கள் மாவட்டத்தில் நலம் என்று பதிந்திருக்கிறதே, நலமாக இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பாய்க்கு அந்த நாட்களில் எல்லாமே நியாயமாகப் பட்டன. அதுதான் அவருடைய வியாதியோ என்னவோ.

பாத்திரம் துலக்குகிற சத்தம், பேரன் அழுகை, லாரி ஹாரன், எல்லாமே பஞ்சுக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் கேட்டன. காலையில் கண்ணிமை தடித்து எழுந்தார். சாயங்காலம் காலில் காலுறை போட்ட தடம்போல வீக்கம் நின்றது. அவர் காலுறை போடுகிறவர் அல்லர்.

அந்த வீக்கத்தோடுதான் ஒருமுறை வெள்ளிமலைக்குப் போனார். அங்கே சின்னதுரை என்கிற விவசாயி, பாயிடம் பல வருஷமாகக் கிழங்கு போடுகிறவன், களத்தில் கிழங்கு குவித்துக்கொண்டிருந்தான். பாய் மரத்தடியில் உட்கார்ந்து வாரியத்துக் கதையைச் சொன்னார். சின்னதுரை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ என் கிழங்குக்கு செஞ்சத உன் கிட்னிக்கு செஞ்சுட்டான் பாய்!"

"இன்னாடா சிரிக்கற. கணக்கு சரிதான?"

"கணக்கு சரிதான். ஆனா நம்ம கிழங்கு விக்கறதுக்கு. லாரி ஆலை கேட்டத் தாண்டிட்டா போதும், அப்பறம் அது எக்கேடு கெட்டா நமக்கு இன்னா. உன்னுது விக்கறதுக்கா பாய்?" சிரிப்பு நின்றது. பாயின் கணுக்காலைப் பார்த்துவிட்டான். "கால ஏன் இப்டி வெச்சுக்கினு இருக்கற? எறங்கி மொதல்ல அவன்கிட்டயே போ. சரின்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்லு."

பாய் போனார். இந்தத் தடவை வலது முப்பத்தொன்று. ரோஷன் பீவியின் எழுபத்தொன்றோடு கூட்டி வகுத்தால் ஐம்பத்தொன்று. தேர்ச்சிக்குக் கீழே. பாய்க்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தோற்றுப்போனதில் வந்த நம்பிக்கை.

"ஃபெயிலாயிட்டேங்க" என்றார் தலைவரிடம், முடிந்த அளவு பணிவாக. "அந்த நிபுணரு ஐயாவ…"

தலைவரின் முகம் வாடிவிட்டது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று இருசப்பன் பிறகு சொன்னான். வாரியம் ஆரம்பித்த நாளிலிருந்து மாவட்டத்தில் நிபுணருக்கு அனுப்பவேண்டிய ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் அடுத்த வருஷ ஒதுக்கீடு வாங்க வேண்டும். பெரும்பாடுபட்டுக் காப்பாற்றி வந்த பூஜ்யம் அது.

"பாய், அவசரப்படாதீங்க. பள்ளிக்கூடத்தில் மொத்தத் தேர்ச்சி குறைந்தால் என்ன செய்வார்கள்? தேறாத பையனோடு மாரடிப்பார்களா? மாட்டார்கள். நன்றாகப் படிக்கிற பையனை இன்னும் இரண்டு மார்க் கூட வாங்க வைப்பார்கள். இணையில் உழைக்கிற நிலையில் இருப்பது இடது. அதை உழைக்க வைப்போம்."

ஆகவே சிகிச்சை ரோஷன் பீவிக்குத் தொடங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இனிப்பை நிறுத்தச் சொன்னார்கள். சர்க்கரை நோய்க்காரர் பாதத்தைப் பேணும் முறை பற்றி அவளுக்கு இரண்டு மணிநேரம் வகுப்பு எடுத்தார்கள். அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனை, வகுப்பு பதிவானவர்களுக்கு மட்டும் என்று சொல்லி இருசப்பன் வெளியே உட்காரவைத்தான்.

ரோஷன் பீவி எல்லாவற்றையும் செய்தாள். டீயில் சர்க்கரை போடாமல் குடித்தாள். பெருநாள் பாயசத்தைத் தொடவில்லை. ஊறுகாய் ஜாடியை நாத்தனாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வளையல் வாங்க வந்த ஒருத்தி, "இன்னாக்கா, உனக்குமா சக்கர?" என்று கேட்டதற்கு, "எங்க அண்ணனுக்கு. நான் பத்தியம் இருக்கறேன்" என்றாள். கேட்டவளுக்கு அது வேண்டுதல்போலப் பட்டது. ரோஷன் பீவிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அறிவுக்குத் தெரிந்தது, இதனால் ஒன்றும் ஆகாது என்று. ஆனாலும் நாக்கை அடக்குகிற ஒவ்வொரு வேளையும், எங்கேயோ ஒரு தராசில் அண்ணன் பக்கத்துத் தட்டு கொஞ்சம் ஏறுவதாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சோதனையில் அவளுக்கு எழுபத்தொன்பது. பாய்க்குப் புதிதாக எடுக்கவில்லை. பழைய முப்பத்தொன்றே இருக்கட்டும், எதற்கு வீணாக ஊசி குத்தி நோகடிக்க வேண்டும் என்றார் தலைவர். கூட்டி வகுத்தால் மிகச் சரியாக ஐம்பத்தைந்து. அமிர்தம் இடது ஜன்னலிலிருந்து கைதட்டினாள். வலது ஜன்னலில் இருந்தவரும் எழுந்து வந்து கைகொடுத்தார். ரோஷன் பீவிக்குத்தான் கொடுத்தார்.

சித்திரை மாதத்தில் வாரியத்தின் ஆண்டுவிழா. அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. வாரியத்துக்கு முன்னால் இருந்த திடலில் இரும்புத் தகடு அடித்த மேடை போட்டிருந்தார்கள். பந்தல் நாற்காலிகளுக்கு மேலே மட்டும். ஏனென்றால் நாற்காலியில் இருந்தவர்கள் பேசவேண்டியவர்கள். விருது வாங்குகிறவர்கள் வெயிலில், வரிசையாக. மேடையில் குத்துவிளக்கு ஏற்றியிருந்ததால் செருப்பைக் கீழே விடச் சொன்னான் இருசப்பன். எல்லோரும் விட்டார்கள். விட்டவர்கள் மேடைமேல் ஏறியதும் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் கூத்துக்காரர்கள் மாதிரி ஆடினார்கள். பாய் மட்டும் அசையாமல் நின்றார். "பாத்தியா, எவ்ளோ ஒழுக்கம்" என்று முன்வரிசையில் ஒருவர் மெச்சினார்.

அந்த வருஷத்தின் சிறந்த இணைக்கான விருது பக்கீர் முகமதுவுக்கும் ரோஷன் பீவிக்கும்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெரியோர்களே, இந்த மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. இல்லவே இல்லை. யாராவது எனக்குச் செயலிழந்துவிட்டது என்று சொன்னால், அவருக்கு நல்ல உறவினர் இல்லை என்றுதான் அர்த்தம். வெளியூர்களில் என்ன செய்கிறார்கள்? நோயாளி வந்தால் மருந்து கொடுக்கிறார்கள். அதனால் என்ன ஆகிறது? மறுநாளும் வருகிறார். நாங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. வந்தவரை நலம் என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு சிலர் எந்த ஊருக்குமே திரும்பவில்லை. அந்த அளவுக்கு முழுமையான நலம்!"

கைதட்டல் அடங்கியதும் சிறப்பு விருந்தினர் எழுந்தார். சென்னையிலிருந்து மாதாமாதம் வருகிற அந்தச் சிறுநீரக நிபுணர்தான் அவர். இளவயது, கண்ணாடி, கூச்ச சுபாவம். "நான் ஒவ்வொரு மாசமும் வர்றேன். மாடி அறையில சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் ஒரு நோயாளி வரல. இவ்வளவு ஆரோக்கியமான மாவட்டத்த நான் பாத்ததே இல்ல" என்றார். நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

பிறகு அவர் பாய்க்குச் சால்வை போர்த்த வந்தார். எத்தனையோ மாதமாக எந்தக் கைக்காகப் பாய் படியேறி இறங்கினாரோ, அந்தக் கை அவர் தோள்மேல் இருந்தது. பாய் வாயைத் திறந்தார். "இப்டி பாருங்க, சிரிங்க" என்றான் போட்டோக்காரன். பாய் சிரித்தார்.

ஆனால் நிபுணர் சிரிக்கவில்லை. அவர் பாயின் இமைகளைப் பார்த்தார். குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, சேற்றில் மாடு மிதித்த குழிபோல.

"ஐயா, இது எவ்வளவு நாளா இருக்கு? சர்க்கரை இருக்கா?"

"இருக்குதுங்க. ஒரு கிட்னிதாங்க."

"அய்யோ! இதுக்கு மேல ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. இன்னைக்கே பாக்கணும். விழா முடிஞ்சதும் மாடிக்கு என் அறைக்கு வாங்க."

"இப்பவே வர்றேங்க."

"வாங்க வாங்க. கீழ ஒப்புதல் சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம மருந்து தர மாட்டாங்க."

கீழே இருசப்பன் தலையைச் சொறிந்தான். "விருது வாங்கினவருக்கு எப்டி பாய் ஒப்புதல் தர்றது? போட்டோ வேற எடுத்துட்டாங்க."

அதற்குள் ரோஷன் பீவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தலைவரிடம் போயிருந்தாள். தனக்குக் கொடுத்த சால்வையை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, எனக்கு இந்த விருது வாணாங்க. எங்க அண்ணனுக்கு ஒப்புதல் குடுங்க. இல்லியா, எனக்குள்ள இருக்கறத எடுத்து அவருக்கே திருப்பி வெச்சுருங்க. பதினஞ்சு வருஷம் வாழ்ந்துட்டேன், போதும். எங்க கைநாட்டு வெக்கணும்னு சொல்லுங்க, வெக்கறேன்."

தலைவர் ஆதிமூலம் கல்நெஞ்சக்காரர் அல்லர். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இவ்வளவு தூரம் கேட்கிறாளே என்று, காகிதத்தை இழுத்து இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண் எழுதி, இடம் மாற்றி, மறுபடி கூட்டி வகுத்துப் பார்த்தார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லையேம்மா. சராசரி மாறாது."

அண்ணனும் தங்கையும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். முன்னால் பாய் போனார். செருப்பை மேடைக்குக் கீழேயே விட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ரோஷன் பீவிக்கு, தார் ரோட்டில் அண்ணன் கால் வைத்த இடமெல்லாம் ஈரமாக இருப்பது தெரிந்தது. தண்ணீர் கொட்டிய மாதிரி இல்லை.

"அண்ணே, நில்லு. இப்டி குந்து."

கல்மேல் உட்காரவைத்து ஒரு காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். பாதி உடைந்து தோல் உரிந்து தொங்கியது. மற்றக் காலையும் பார்த்தாள். அதுவும் அப்படியே இருந்தது. அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மெதுவாக ஊற்றினாள்.

"வலிக்குதாண்ணே?"

பாய் கொஞ்சநேரம் தன் பாதத்தை வேறு யாருடையதோபோலப் பார்த்தார்.

"இல்லியே. இன்னா ஆச்சு?"

ரோஷன் பீவி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். "எனக்கு வலிக்குதுண்ணே. பாக்கவே முடியல. உசுரு போவுது."

சங்கராபுரம் பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை என்று கண்டு கிளம்பிப் போனது. பாய் தங்கையின் தலைமேல் கையை வைத்தார்.

"அழாத புள்ள" என்றார். "கூட்டி வகுத்தா பாதி வலிதான்."